முன்தகுதிப் பட்டியலில் இல்லாத மொழி

தாதிமைக் கல்வியில் சேர்வதற்கு என்னென்ன பாடங்கள் வேண்டும் என்று நம் மாணவி ஒருத்தி கேட்டால், நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவதில்லை. “அஃது உனக்கு எதற்கு?” என்று எதிர்வினா எழுப்புகின்றோம். அந்த எதிர்வினாவை மறுப்பதற்காகவே இதனை எழுதுகின்றேன். மறுப்பு பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. தமிழாசிரியராகிய நமக்கும் உரியது.

மருத்துவர் ஆவேன் என்னும் பிள்ளையை உற்றார் மெச்சுகின்றனர். பொறியாளர் ஆவேன் என்றால் மகிழ்கின்றனர். தாதி ஆவேன் என்று சொன்னாலோ, “ஏன், மதிப்பெண் போதவில்லையா?” என்று இரங்கிக் கேட்கின்றனர். இரவுப் பணி என்பார் ஒருவர். திருமணத்திற்குத் தடையாகும் என்பார் மற்றொருவர். பிறர் மலசலம் எடுக்கும் வேலை என்று குரலைத் தாழ்த்திக் கூறுவார் மூன்றாமவர். முதல் இருவர்க்கு விடையிறுப்பது எளிது. இரவில் விமான நிலையத்திலும் பணி நடக்கிறது, துறைமுகத்திலும் பணி நடக்கிறது. அங்கே வேலை செய்வோர்க்கெல்லாம் திருமணம் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாமவர் பேசுவது வேலையைப் பற்றியன்று, தீட்டைப் பற்றி. கடலைக் கடந்து வந்து மூன்று நான்கு தலைமுறை ஆகியும் அந்த எண்ணத்தை அவர் கடக்கவில்லை. தாம் படுக்கையில் விழும் நாளில் அவ்வேலையை யார் செய்யவேண்டும் என்று அவர் எண்ணிப் பார்த்ததுண்டா? யாரோ ஒருவர் வீட்டுப் பெண் செய்யவேண்டும். தம் வீட்டுப் பெண் செய்யலாகாது. இதுவே அவர் கொள்கை.

இக்கொள்கைக்குத் தமிழில் ஆதரவு தேடினால் கிடைக்காது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நாம் வகுப்பில் நடத்துகின்றோம். அளவறிந்து உண்ணுதல் பற்றிய குறள்களை விரித்துரைக்கின்றோம். நோயின் முதலை நாடவேண்டும் என்பதை மேடைதோறும் எடுத்துக் காட்டுகின்றோம். அவ்வதிகாரத்தின் கடைசிக் குறளை மட்டும் விரைந்து கடந்துவிடுகின்றோம். மருத்துவம் நான்கு கூறுடையது என்று வள்ளுவர் அங்கே வகுக்கிறார்: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். மருத்துவனுக்கு ஒரு கூறு, பக்கத்தில் இருப்பவனுக்கும் ஒரு கூறு; கூடவுமில்லை, குறையவுமில்லை. உரையாசிரியர் பரிமேலழகரோ நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறம், அறிவு ஆகிய நான்கையும் இவனுக்கு இலக்கணமாக்குகிறார். இன்றைய தாதிமைப் பள்ளி எதுவும் இந்நான்கினும் மேலாக ஒன்றைக் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. (வள்ளுவர் ஆண்பாலில் கூறினார் என்பதையும், நம் பையன்களே இப்பணிக்கு வர மிகவும் தயங்குகின்றனர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.)

இதற்கிடையில் சொல்லாராய்ச்சி ஒன்றும் நடந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் தாதி என்கிறோம்; ஈழத்தாரும் அவ்வாறே வழங்குவர். தமிழ்நாட்டில் செவிலி என்கின்றனர். தாதி என்பதற்கு வேலைக்காரி என்னும் பொருளும் உண்டாதலால் அச்சொல்லை விடுத்து, அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுக்கும் செவிலித்தாயின் பெயரையே கொள்ளவேண்டும் என்று வாதிடுவோர் உளர். வாதம் நன்று. நோயாளிகளோ ‘மிஸ்ஸி’ என்று அழைத்துவிட்டுத் தண்ணீர் கேட்கின்றனர். பெயரைத் திருத்துவதற்குக் காட்டிய ஊக்கத்தில் பாதியையேனும் ஆளைச் சேர்ப்பதற்கு நாம் காட்டியதில்லை.

1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1ஆம் நாள், கன்னிமாடத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக் கன்னியர், சிப்பாய் லைன்ஸ் பகுதியில் இருந்த பொது மருத்துவமனையில் நோயாளரைப் பேணத் தொடங்கினர். அந்நாளையே சிங்கப்பூர் தாதியர் நாளாகப் போற்றுகிறது. அதே வட்டாரத்தில் 1956இல் தாதிமைப் பள்ளி எழுந்தது. தேக்காவில் வாழ்ந்த நம்மவர்க்கும் மருத்துவமனை என்றும் தொலைவில் இருந்ததில்லை. டான் டோக் செங் மருத்துவமனை 1909இல் மோல்மீன் சாலைக்குப் பெயரும்வரை சிராங்கூன் சாலையிலேதான் இருந்தது. 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான கண்டாங் கெர்பாவ், தன் பெயரிலேயே நம் கதையைச் சுமந்து நிற்பது. மலாய்மொழியில் அதற்கு எருமைக் கொட்டில் என்று பொருள். சிராங்கூன் சாலை ஓரத்தில் மாடு கட்டியும் பால் கறந்தும் பிழைத்த தமிழரின் நினைவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகில் ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த மிகப் பெரும் பிறப்பு எண்ணிக்கை என்று கின்னஸ் நூலில் அஃது இடம்பெற்றது. 1997இல் மருத்துவமனை புதிய இடத்திற்குச் சென்றது. மருத்துவமனைக்குச் செல்வதில் நாம் என்றும் குறை வைத்ததில்லை, நோயாளியாக.

இன்று நாடு மூப்படைந்து வருகிறது. குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர் என்னும் நிலைக்கு வந்துவிட்டோம். தாதியர், துணைமருத்துவத் துறையினர், பராமரிப்பு ஊழியர் என அனைவரையும் சேர்த்து 2030ஆம் ஆண்டில் 82,000 பேர் வேண்டியிருக்கும் என்று சுகாதார அமைச்சு 2023இல் கணக்கிட்டது. தாதியர் பணியில் நிலைத்திருப்பதற்காக, இருபது ஆண்டுகளில் ஒரு லட்சம் வெள்ளி வரை வழங்கும் திட்டத்தை 2024இல் அறிவித்தது. அரசு விலை மதிப்பிட்டுவிட்டது. மதிப்பை இன்னும் உணராதது நம் வீட்டு வரவேற்பறை.

இனி, முன்தகுதி என்னும் செய்திக்கு வருகின்றேன். அமெரிக்காவில் தாதிமைக் கல்வியை நாடுவோர் பலர், உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் முதலிய பாடங்களை முதலில் ஒரு கல்லூரியில் முடித்துவிட்டு, அதன் பின்னரே தாதிமைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கின்றனர். முப்பது வயதுக்காரர் ஒருவர், மாலை வகுப்பில் வேதியியல் படித்து, வாழ்க்கையைத் திருப்பிக்கொள்வதற்கு அங்கே வழியுண்டு. தமிழ்நாட்டில் தாதிமைப் பட்டப்படிப்பிற்கு மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் படித்திருக்கவேண்டும். எனவே பதினைந்து பதினாறு வயதில் பதினொன்றாம் வகுப்புப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதை பிரிந்துவிடுகிறது. சிங்கப்பூரில் அதனினும் முன்னதாக, உயர்நிலை இரண்டாம் ஆண்டின் இறுதியில், பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு படிவத்தில் பாடங்களை வரிசைப்படுத்துகிறது. பெற்றோர் கையொப்பம் இடுகின்றனர். அமெரிக்கர் முப்பதில் திட்டமிடுவதை நம் பிள்ளை பதினான்கில் திட்டமிட்டாக வேண்டும். இதனை எத்தனை தமிழ் வீடுகளில் அறிந்திருக்கின்றனர்?

அச்சுறுத்துவது என் நோக்கமன்று. உயிரியல் எடுக்காவிட்டால் கதவு அடைந்துவிட்டது என்று சிலர் மாணவரை மிரட்டுவதுண்டு, அது தவறு. பலதுறைத் தொழிற்கல்லூரியின் தாதிமைப் பட்டயத்திற்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல் சார்ந்த ஒரு பாடம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். அவ்வறிவியல் பாடம் உயிரியலாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் முதலாண்டில் உடற்கூறும் உடலியக்கமும் மருந்தியலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதும்போது, உயிரியலை எட்டிப் பாராதவர் மூச்சுத் திணறுவர். விதி கேட்பது வேறு. படிப்பு கேட்பது வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

வழிகளும் ஒன்றிரண்டல்ல. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தாதிமை பயின்று பதிவுபெறலாம். அங்கிருந்து பட்டயத்திற்கு ஏறலாம். நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி 1992 முதல் பட்டயம் வழங்குகிறது; நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியும் வழங்குகிறது. வழக்கநிலைப் பிரிவு மாணவர்க்கு 2013 முதல் அடிப்படைப் பயிற்சி வழியாகப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குச் செல்லும் பாதை உண்டு. தொடக்கக் கல்லூரி முடித்தோர்க்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2006 முதல் பட்டப்படிப்பு உண்டு. தேர்வு எழுதுமுன்பே, ஆர்வத்தையும் தொண்டனுபவத்தையும் நேர்காணலில் ஆராய்ந்து இடம் தரும் முன்சேர்க்கையும் இருக்கிறது. வேறு தொழிலில் இருப்போர் நடுவயதில் மாறிவரவும் திட்டம் உண்டு. 2024இல் முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்துதல் வந்து, பழைய பிரிவுகள் மறைந்துவிட்டன. 2027 முதல் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. இவையனைத்தும் ஆங்கிலக் கையேடுகளில் தெளிவாக இருக்கின்றன. அவற்றைப் படித்துணர இயலாத தாய், பெற்றோர் சந்திப்பு நாளில் யாரிடம் வந்து நிற்கிறாள்? தமிழாசிரியரிடம். பள்ளியில் அவள் தன் மொழியில் பேசக்கூடியவர் அவர் ஒருவரே. அவரும், “தமிழில் நன்றாகச் செய்கிறான், வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் பயிற்சி வேண்டும்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார். எங்களுக்கு வழிகாட்டி ஆலோசகர் இருக்கின்றாரே என்பது ஆசிரியர்தம் விடை. இருக்கின்றார், அவரிடம் அத்தாய் என்ன மொழியில் பேசுவாள்?

எண்ணைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண நிலைத் தேர்வு முறையில், பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்புகளுக்கு ஐந்து பாடங்களின் கூட்டுப்புள்ளி 26ஐ மிகாதிருக்கவேண்டும். தாதிமைக்கு மட்டும் எல்லை 28. இவ்விரண்டு புள்ளி வேற்றுமையைக் கொண்டு, ‘எதுவும் கிடைக்காதவர் போகும் இடம்’ என்று நம்மவர் தீர்ப்பெழுதிவிட்டனர். ஆள் தேவை மிகுதியாதலால் வாயில் அகலமாக வைக்கப்பட்டுள்ளது. உள்ளே இருக்கும் வீடு ஆழமற்றது என்று அதற்குப் பொருளன்று. மருந்தின் அளவில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் உயிர் போகும் தொழில் அது. 28 புள்ளியில் நுழைந்தவரும் 12 புள்ளியில் நுழைந்தவரும் அங்கே ஒரே ஊசியைத்தான் பிடிக்கின்றனர்.

அக்கூட்டுப்புள்ளியின் அமைப்பைத் தமிழாசிரியர் கூர்ந்து நோக்கவேண்டும். ஆங்கிலம், தொடர்புடைய இரு பாடங்கள், எஞ்சியவற்றுள் சிறந்த இரண்டு: இவையே அவ்வைந்து. சிறந்த இரண்டில் ஒன்றாகத் தாய்மொழியைக் கணக்கிடலாம். ஆகவே தமிழில் நற்புள்ளி பெற்ற பிள்ளைக்குத் தாதிமைப் பள்ளியின் கதவைத் தமிழ் திறந்துவிடுகிறது. கதவு திறந்தபின் தமிழ் வாயிலிலேயே நிறுத்தப்படுகிறது. புள்ளியாக வந்த தமிழ், மொழியாக உள்ளே செல்வதில்லை. முன்தகுதிப் பட்டியலில் ஆங்கிலம் இருக்கிறது, கணிதம் இருக்கிறது, அறிவியல் இருக்கிறது. நோயாளியின் மொழி இல்லை. இக்குறையைத்தான் நான் முதன்மையாகக் கருதுகின்றேன்.

“மருத்துவமனையில் தமிழுக்கு என்ன வேலை?” என்று கேட்போரை நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். எண்பது வயது மூதாட்டி படுத்திருக்கிறாள். வலி எவ்வளவு என்று பூச்சியம் முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்லும்படி கேட்பது இன்றைய முறை. அவள் “உயிர் போகிறது” என்கிறாள். அஃது எத்தனை? தமிழர் வலியை எண்ணால் அளந்ததில்லை, தன்மையால் பிரித்திருக்கின்றனர். குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. எரிச்சல் ஒன்று, பிடிப்பு ஒன்று, விண்விண் என்று தெறிப்பது ஒன்று, மரத்துப்போவது ஒன்று. இவ்வேறுபாடுகள் புலவர் கற்பனை அல்ல. நரம்பு நோவதும் தசை நோவதும் சீழ் கட்டுவதும் வெவ்வேறாக நோகும் என்பதை உடம்பால் அறிந்தோர் படைத்த சொற்கள். மொழியறியாத தாதியின் முன் மூதாட்டி என்ன செய்கிறாள்? தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் ‘சாக்கிட்’ என்கிறாள். எட்டுச் சொல்லும் ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன.

நெஞ்சு கரிக்கிறது என்பவர்க்கு இரைப்பையில் அமிலம் மிகுந்திருக்கலாம். நெஞ்சை அடைக்கிறது என்பவர்க்கு மாரடைப்பே வந்திருக்கலாம். இரண்டையும் ‘நெஞ்சில் கோளாறு’ என்று மொழிபெயர்ப்பவர், எவரை முதலில் கவனிக்கவேண்டும் என்னும் தீர்ப்பையே குழப்பிவிடுகிறார். இன்னும் கொடியது ‘வாயுப் பிடிப்பு’. நம் முதியோர் மார்பிலும் தோளிலும் எழும் எவ்வலிக்கும் முதலில் சூட்டும் பெயர் இதுவே. அரைகுறைத் தமிழறிந்த இளையவர் ஒருவர் அதனை ‘வயிற்றில் காற்று’ என்று எழுதிவைத்தால், இதயநோய் அந்தக் காற்றின் பெயரில் ஒளிந்துகொள்ளும். தலை சுற்றுவதும் மயக்கம் வருவதும் ஒன்றல்ல. முன்னது காதின் உட்பகுதிக் கோளாறாகலாம், பின்னது இரத்த அழுத்தம் தாழ்ந்ததாகலாம். இனிப்பு நீர் என்று இவ்வூரார் கூறுவது நீரிழிவு. கொதிப்பு என்றால் காய்ச்சல் அன்று, இரத்த அழுத்தம். ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று ஒரு கிழவர் சொன்னால், உறவினர் பார்க்க வந்திருப்பதாக எண்ணி நாற்காலி எடுத்துப் போடும் தாதி, அவரைத் தனி அறைக்கு மாற்றவேண்டிய நேரத்தை இழந்துவிடுவாள். அம்மை கண்டிருக்கிறது என்பதை அவர் பணிவோடு கூறினார், அவ்வளவே.

இச்சொற்களில் எத்தனை நம் பாடநூல்களில் உள்ளன? மாணவர்க்குச் சுற்றுச்சூழல் தூய்மை பற்றிக் கட்டுரை எழுதத் தெரியும். இணைமொழியும் மரபுத்தொடரும் கோடிட்ட இடத்தில் நிரப்பத் தெரியும். தன் பாட்டியின் முழங்கால் குடைகிறதா கடுக்கிறதா என்று கேட்கத் தெரியாது. மக்கள் பேசும் நோய்ச்சொற்களைக் கொச்சை என்று நாம் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தினோம். மருத்துவமனையோ தமிழையே வெளியே நிறுத்திற்று. இருவரும் சேர்ந்து அம்மூதாட்டியை ஊமையாக்கியிருக்கிறோம்.

2020ஆம் ஆண்டில் இதன் விளைவை நாடே கண்டது. வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கோவிட் பரவி, 50,000க்கும் மேற்பட்டோர்க்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் தமிழ்நாட்டினின்று வந்தோரும் வங்காளதேசத்தினரும் மிகப் பலர். ஞாயிறுதோறும் தேக்காவில் நாம் தோள் உரசிக் கடக்கும் அதே இளைஞர்கள். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு இறுகுகிறதா, சுவை தெரிகிறதா என்று கேட்பதற்கு மொழி தெரிந்த தொண்டர்களைத் தேடி அலையவேண்டியதாயிற்று. ஆட்சிமொழிகள் நான்கினுள் ஒன்று தமிழ். ஆட்சிமொழி என்பது பெயர்ப்பலகையில் எழுதுவதற்கு மட்டும் என்றால் அலைந்தது சரிதான்.

தமிழில் மருத்துவம் பயிற்றுவது நடவாத காரியம் என்பார்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைவூட்டுகின்றேன். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மறுஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியும் கற்பித்தலும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் நல்ல சம்பளம் கிடைக்கும் இடங்களுக்குப் பெயர்ந்துபோக, ஊர்மக்கள் பழையபடி கைவிடப்பட்டனர். இரண்டாம் முறை 1862இல் திரும்பிவந்தபின் அவர் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழ் கற்றுத் தேர்ந்து, உடற்கூறு, மகப்பேறு, இரணவைத்தியம், வேதியியல் முதலிய துறைகளில் மேனாட்டு நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். 1873இல் நாடு திரும்பிய பின்னும், 1884இல் இறக்கும்வரை அவர் உள்ளம் அந்தப் பணியிலேயே இருந்தது. அயல்நாட்டார் ஒருவர் மொழியைத் தேர்ந்தது மொழிப்பற்றினால் அன்று. மருத்துவம் நோயாளியிடம் போய்ச் சேரவேண்டும் என்னும் கணக்கினால். அக்கணக்கு நமக்குப் புரிந்திருக்கவேண்டும். நாம் அவரைப் பற்றிக் கலைச்சொல் வரலாற்றில் ஒரு வினா கேட்டுவிட்டு அமைகின்றோம்.

சிங்கப்பூரில் தாதிமையைத் தமிழிலேயே கற்பிக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு, பாடங்களைத் தமிழில் கற்கும் வாய்ப்பு இங்கே முடிந்துவிட்டது. அதனை எண்ணிப் பெருமூச்சு விடுவதால் இன்று கட்டிலில் கிடப்பவர்க்குப் பயனில்லை. நான் கேட்பது சிறிது. நேர்காணலில் விண்ணப்பதாரரின் தாய்மொழித் திறத்தையும் எடைபோடுக. ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் தாதிமை இல்லம் போன்ற இடங்களில் முதியோரோடு தமிழில் பேசிப் பழகிய பிள்ளைக்கு அதற்குரிய சிறப்புக் கொடுக்க. தாதிமை மாணவர் அனைவர்க்கும், எவ்வினத்தவராயினும், நோயாளியின் மொழியில் ஐம்பது வாக்கியங்களேனும் கட்டாயமாகக் கற்பிக்க. அவ்வைம்பது வாக்கியங்களை எழுதித் தரும் பொறுப்பு நம்முடையது. சீனத் தாதி ஒருத்தி “எங்கே நோகிறது, பாட்டி?” என்று கேட்பதும், மலாய்த் தாதி ஒருவர் “மூச்சு விட முடிகிறதா?” என்று கேட்பதும் நடவாதவை அல்ல.

மறுப்புகளையும் நான் கேட்டிருக்கின்றேன். கைப்பேசி மொழிபெயர்த்துவிடுமே என்பர். ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பதை அக்கருவியிடம் சொல்லிப் பார்க்கட்டும். முதியவர் பல்லில்லாத வாயால், தஞ்சாவூர்ப் பேச்சும் மலாய்ச் சொல்லும் கலந்து, விட்டுவிட்டு முனகுவதையும் அதற்குக் கேட்கச் செய்யட்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தாதியர் இருக்கின்றனரே என்பது இரண்டாம் மறுப்பு. இருக்கின்றனர், அவர்கள் இல்லையேல் நம் முதியோர் பலர் ஒரு தமிழ்ச்சொல் கேளாமலே கண்மூடியிருப்பர். அந்நன்றியை மறப்பதற்கில்லை. ஆனால் அவர்களுடைய பணி தமிழ் நோயாளியைத் தேடிச் செல்வதன்று. பட்டியல் அனுப்பும் பிரிவுக்குச் செல்வது. வேறு நாடுகளும் அவர்களை அழைத்துக்கொண்டிருக்கின்றன. அயலார் பெற்ற பெண்கள் தம் தாய்தந்தையரை ஊரில் விட்டுவிட்டு வந்து நம் தாய்தந்தையரைப் பேணட்டும், நம் பெண்கள் மட்டும் குளிர்சாதன அலுவலகத்தில் அமரட்டும் என்பதைக் கொள்கை என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

மூன்றாவது, இனிமேல் தமிழ் பேசும் நோயாளிகளே இரார் என்பது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசும் இந்தியர் 27.9 விழுக்காடு; பத்தாண்டுகளுக்கு முன் 36.7 விழுக்காடு. குறைந்துதான் வருகிறது. எனினும் மருத்துவமனைக் கட்டிலை நிறைப்போர் இருபது வயதினர் அல்லர். தமிழையே முதன்மொழியாகக் கொண்ட கடைசித் தலைமுறை இப்போதுதான் படுக்கையில் விழுகிறது. இன்று உயர்நிலை இரண்டில் படிக்கும் பிள்ளை பட்டயம் பெற்று வெளிவர ஆறாண்டு ஆகும். அதற்குள் எத்தனைக் கட்டில்கள் காலியாகும் என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்று சொல்லட்டும்.

ஆசிரியரின் சுமையைப் பற்றிய மறுப்பை மட்டும் நான் எளிதில் தள்ளமாட்டேன். தேர்வுத்தாள், இணைப்பாட நடவடிக்கை, மாதாந்திர அறிக்கை இவற்றினிடையே இன்னொன்றா என்று கேட்பதில் நியாயம் உண்டு. அதனால் பெரிய திட்டம் எதனையும் முன்வைக்கவில்லை. வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்கு எப்படியும் உரையாடல்கள் தயாரிக்கின்றோம். அவற்றுள் ஒன்றை அங்காடியிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றலாம். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் பத்தாம் குறளுக்கு முழுப் பாடவேளை ஒன்றை ஒதுக்கி, இவ்வூரில் உழைச்செல்வார் ஆவதற்கு எந்தப் பாடங்களில் எத்தனை புள்ளி வேண்டும் என்பதையும் அவ்வேளையிலேயே கரும்பலகையில் எழுதிப் போடலாம். பெற்றோர்க்குத் தமிழில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தலாம். பழைய மாணவருள் தாதியாய் இருப்பவர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்தால், நம் உரையைவிட அதனைப் பெற்றோர் நம்புவர். பாடத்தேர்வுப் படிவம் உயர்நிலை இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கூட்டம் அதற்கு முன்பு, ஆண்டின் நடுவிலேயே நடைபெறவேண்டும். நவம்பர் விடுமுறையில் நடத்தினால் மண்டபமும் நாற்காலிகளும்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.